வழிச்சோறு

மாமல்லபுரத்தைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் கல்லைப் பற்றியே பேசுவார்கள். ஐந்து இரதங்களையும், அருச்சுனன் தவம் என்றும் பகீரதன் தவம் என்றும் இருவகையாகப் பொருள் கூறப்படும் பெரும்பாறைச் சிற்பத்தையும், கடற்கரைக் கோயிலையும் பற்றி அறிஞர் பலர் எழுதியிருக்கிறார்கள். 1984ஆம் ஆண்டில் அவை உலக மரபுச் சின்னங்களின் வரிசையிலும் இடம்பெற்றுவிட்டன. ஆனால் அந்தக் கல்லைக் காணச் சென்றவர்கள் வழியில் எங்கே உண்டார்கள், எதை உண்டார்கள், யார் கையால் உண்டார்கள் என்னும் வினாக்களை நம் வரலாற்றாசிரியர்கள் அவ்வளவாக எழுப்பியதில்லை. இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் அதுவே.

சோற்றைப் பற்றிய பேச்சு வரலாறு ஆகுமா என்று நேயர்களுள் சிலர் எண்ணக்கூடும். ஆகும் என்பது என் துணிபு. தம் வீட்டில் தாயோ மனைவியோ சமைத்ததை உண்பதில் ஆராய்ச்சிக்கு இடமில்லை. முன்பின் அறியாத ஊரில், முன்பின் அறியாத ஒருவர் கையிலிருந்து சோற்றை வாங்கி உண்பது அப்படியன்று. கொடுப்பவர் இன்னார் என்று கேளாமல் வாங்கவும், வாங்குபவர் இன்னார் என்று கேளாமல் கொடுக்கவும் ஒரு சமுதாயம் இசைந்திருக்க வேண்டும். அந்த இசைவு நம் நாட்டில் எப்போது இருந்தது, எப்போது குலைந்தது, எவ்வாறு மீண்டும் உண்டாயிற்று என்பதைச் செங்கற்பட்டுச் சீமையின் ஒரு சாலையை வைத்துக்கொண்டே ஓரளவு சொல்லிவிடலாம்.

இன்று ஒரு விடுமுறை நாளில் செங்கற்பட்டில் பேருந்து ஏறும் ஒரு குடும்பம், திருக்கழுக்குன்றத்தின் வழியாக ஏறத்தாழ 30 கிலோமீட்டர் சென்று மாமல்லபுரத்தில் இறங்குகிறது. காலையில் நிலையத்தின் எதிரில் இட்டலி, நண்பகலில் கடலோரத்தில் மீன் குழம்பும் சோறும், மாலையில் மணலில் அமர்ந்து சுண்டல். அவர்கள் யார் என்று யாரும் கேட்பதில்லை, அவர்களும் கேட்பதில்லை. இதைவிட எளிய இன்பம் வேறு உண்டோ என்று தோன்றும். ஆயினும் இந்த எளிய இன்பம் எல்லாருக்கும் உரியதாகி நூறாண்டுகூட ஆகவில்லை.

இனிப் பழங்காலத்துக்குச் செல்வோம். தமிழில் ஆற்றுப்படை என்று ஒருவகை நூல் உண்டு. வள்ளல் ஒருவனிடம் பரிசில் பெற்றுத் திரும்பும் கலைஞன், வறுமையோடு எதிரே வரும் மற்றொரு கலைஞனுக்கு வழி சொல்லி அனுப்புவதாக அமைந்தது அது. வழி சொல்பவன், எந்த ஊரில் எந்த உணவு கிடைக்கும் என்பதையும் மறவாமல் சொல்லுவான். கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படை, காஞ்சியில் இருந்த தொண்டைமான் இளந்திரையனிடம் செல்லும் வழியைச் சொல்லுகிறது. அந்த வழி நம் தொண்டை நாட்டு வழி. யாழைத் தோளில் சுமந்த பாணன் தனியாகச் செல்லவில்லை. மனைவி மக்களோடும் சுற்றத்தோடும் செல்கிறான். ஆகவே ஒரு குடும்பம் வெளியூர் சென்று ஆங்காங்கே கிடைத்த உணவை உண்ட கதை நமக்குப் புதிதன்று.

அப்பாட்டில் வரும் உணவுகளைச் சற்று நின்று காண்போம். வறண்ட நிலத்து எயினர் குடிசையில், பெண்கள் நிலத்தைக் கிளறி எறும்பு சேர்த்து வைத்த புல்லரிசியைத் திரட்டுகிறார்கள். அதை நிலத்தில் அமைந்த உரலில் குற்றி, உவர்நீரில் உலையேற்றி, உலர்ந்த இறைச்சியோடு சேர்த்துத் தேக்கிலையில் இடுகிறார்கள். அடுத்த குடியில் ஈச்சங்கொட்டையைப் போன்ற சிவந்த சோறும், நாய் பிடித்து வந்த உடும்பின் இறைச்சியும் கிடைக்கின்றன. ஆயர் சேரியில் தினைச் சோறும் பாலும்; முல்லை நிலத்துச் சிற்றூரில் வரகுச் சோறும் அவரைப் பருப்பும்; மருத நிலத்து உழவர் மனையில் வெண்ணெற் சோறும் வீட்டில் வளர்த்த கோழியின் வாட்டிய கறியும். வழியில் கரும்பாலையில் வேண்டுமளவு சாறு குடிக்கலாம். வலைஞர் குடியிருப்பில் அரிசியைக் கூழாக்கி முளை நெல்லின் மாவைக் கலந்து புளிக்கவைத்த கள்ளும், சுட்ட மீனும் உண்டு. அந்தணர் இல்லத்திலோ, பறவையின் பெயரைக் கொண்ட நெல்லின் சோறும், மாதுளங்காயை வெண்ணெயில் வதக்கி மிளகும் கறிவேப்பிலையும் சேர்த்த கறியும், மாவடு ஊறுகாயும் கிடைக்கும்.

அதன்பின் நீர்ப்பெயற்று என்னும் கடற்கரைப் பட்டினம் வருகிறது. கலங்கள் வந்து தங்கும் துறையும், இரவில் அவற்றுக்கு வழிகாட்டும் விளக்கு எரியும் உயர்ந்த மாடமும் அங்கே உண்டு. கள் விற்கும் மகளிர் பல நாள் ஊட்டி வளர்த்த பன்றியின் கொழுவிய இறைச்சியும் கள்ளும் அவ்வூர் உணவு. இந்நீர்ப்பெயற்று மாமல்லபுரமோ அதனை அடுத்த கடற்கரையோ என்று கருதும் அறிஞர் உளர். எவ்வாறாயினும், இக்கடற்கரைக்கு வேற்று நாட்டு உணவும் வந்ததில் ஐயமில்லை. பாலாற்றின் முகத்துவாரத்தருகே வசவசமுத்திரம் என்னும் சிற்றூரில் தமிழ்நாடு தொல்லியல் துறையினர் அகழ்ந்தபோது, மத்தியதரைக் கடல் நாட்டவர் மதுவும் எண்ணெயும் நிரப்பி அனுப்பும் கூர்ந்த அடியுடைய சாடிகளின் உடைந்த துண்டுகள் கிடைத்தன.

இறுதியில் பாணன் குடும்பம் காஞ்சியை அடைகிறது. அங்கே மன்னன், உணவுக் கலங்களைப் பரப்பச் செய்து, பாணனின் பிள்ளைகளை முகம் மலர்ந்து நோக்கித் தானே அருகில் நின்று உண்பிக்கிறான். விருந்தோம்பலைப் பற்றி எத்தனையோ செய்திகள் நம் இலக்கியத்தில் உண்டு. பிள்ளைகளின் இலையைப் பார்த்து நிற்கும் இந்த அரசனை நினைக்கும்போது எனக்கு உண்டாகும் மகிழ்ச்சி தனியானது.

இதற்குத் தென்புறத்தில், ஓய்மானாட்டு நல்லியக்கோடனைப் பாடிய சிறுபாணாற்றுப்படையும் இத்தகைய வழியையே காட்டுகிறது. மரக்காணத்தை ஒட்டியதென்று கருதப்படும் எயிற்பட்டினத்தில் பரதவர் தரும் சுட்ட மீன். வேலூரில் எயினர் தரும் புளிச்சோறும் ஆமான் இறைச்சியும். ஆமூரில் உழவர் வீட்டு வெண்சோறும் நண்டுக் கறியும். இந்த வேலூர் கோட்டையுள்ள வேலூர் அன்று, ஓய்மானாட்டு ஊர். நண்டுக் கறி இன்றும் இக்கடற்கரையில் பெயர்பெற்ற உணவாக இருப்பது எண்ணி மகிழத்தக்கது.

இந்த இரு பாட்டுகளிலும் நாம் கருத வேண்டுவது ஒன்று உண்டு. ஒவ்வொரு குடியினரும் தாம் எதை உண்கிறார்களோ அதையே வந்தவர்க்கும் இடுகிறார்கள். புல்லரிசி உண்பவர் புல்லரிசி தருகிறார்; வெண்ணெற் சோறு உண்பவர் அதைத் தருகிறார். பாணன் எயினர் குடிசையில் உண்டவன் ஆயிற்றே என்று உழவர் வாசலில் தடுத்தவர் இல்லை. வலைஞர் சேரியில் கள் குடித்தவன் ஆயிற்றே என்று அந்தணர் இல்லத்தில் கதவை அடைத்தவரும் இல்லை. பாட்டு என்பது நாட்டு நடப்பை முழுவதும் அப்படியே காட்டும் கண்ணாடி அன்று என்பதை நான் அறிவேன். ஆயினும், இவ்வாறு பாடினால் கேட்போர் நம்புவர் என்று புலவர் எண்ணியிருக்கிறார் அல்லவா? அதுவே ஒரு சான்று.

காலம் சென்றது. நாட்டில் பெருங்கோயில்கள் எழுந்தன. உணவளித்தல் வீட்டுக் கடமையாக இருந்ததோடு அறநிலையங்களின் கடமையாகவும் ஆயிற்று. பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடல், பழைய செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தது. அங்குள்ள பெருமாள் கோயிலில் 11ஆம் நூற்றாண்டில், வீரராசேந்திர சோழன் காலத்தில் பொறிக்கப்பட்ட நீண்ட கல்வெட்டு ஒன்று உண்டு. கல்விச்சாலை மாணவர்க்கும், ஆசிரியர்க்கும், 15 நோயாளிகள் தங்கக்கூடிய ஆதுலசாலைக்கும் எவ்வளவு நெல், எவ்வளவு செலவு என்று அது கணக்கிட்டுச் சொல்கிறது. அக்காலத்து நிருவாகத் திறமைக்கு அது ஒரு பெருஞ்சான்று. ஆனால் கணக்கு என்று வந்துவிட்டால் பட்டியலும் வந்துவிடும். இன்னார்க்கு இவ்வளவு என்று எழுதும்போது, எழுதப்படாதவர் வெளியே நிற்கிறார். ஆற்றுப்படைப் பாணன் எந்தப் பட்டியலிலும் பெயர் இல்லாமலே உண்டான். பிற்காலத்து வழிப்போக்கன், தன் பெயர் பட்டியலில் உண்டா என்று முதலில் கேட்க வேண்டியவன் ஆனான்.

அந்தப் பாணனே என்ன ஆனான் என்பதையும் பார்ப்போம். வைணவ குருபரம்பரை, திருப்பாணாழ்வாரின் வரலாற்றைக் கூறுகிறது. யாழிசைத்துப் பாடும் அப்பெருமகனார், குலத்தின் காரணமாகத் திருவரங்கத்துக்குள் புகமாட்டாமல் காவிரிக் கரையில் நின்றே பாடினார் என்றும், பின்னர் இறைவன் ஆணையால் கோயில் முனிவர் ஒருவர் அவரைத் தோளில் சுமந்து சென்றார் என்றும் அது சொல்கிறது. பக்தர்க்கு அது இறைவனின் அருளைக் காட்டும் கதை. வரலாறு பயில்வார்க்கு அதில் இன்னொரு செய்தியும் உண்டு. ஒரு காலத்தில் அரசன் அருகில் நின்று உண்பித்த குலத்தவன், பின்னொரு காலத்தில் ஊருக்குள் கால்வைக்க இயலாதவன் ஆகிவிட்டான் என்பதே அது.

14ஆம் நூற்றாண்டில் நம் நாட்டுக்கு வந்த மொராக்கோ நாட்டுப் பயணி இபின் பதூதா, மலையாளக் கரையின் சாலையைப் பற்றி எழுதியிருக்கிறார். சாலை நெடுக இளைப்பாறும் மண்டபங்களும் கிணறுகளும் இருந்தன. தண்ணீர் கொடுக்க ஆளும் இருந்தான். அந்நாட்டவர்க்குக் கலத்தில் தண்ணீர் கொடுத்தவன், முஸ்லிமான பயணிகளுக்குக் கையில் மட்டும் ஊற்றினான். அவர்களைத் தம் வீட்டுக்குள் விடுவதோ தம் கலங்களில் சோறிடுவதோ வழக்கமில்லை. வாழையிலையில்தான் இட்டார்கள் என்று அவர் குறிக்கிறார். இவ்வளவு நல்ல சாலையும், இவ்வளவு திருத்தமான தண்ணீர்ப் பந்தலும் ஒரு பக்கம். கலத்தைத் தொடாதே என்னும் கட்டளை மறுபக்கம். நம் நாட்டு வழிச்சோற்றின் பிற்கால வரலாறு முழுவதையும் இந்த ஒரு காட்சியில் காணலாம்.

தமிழ்நாட்டின் சத்திரங்களும் இவ்வாறே இருந்தன. அவற்றைக் கட்டியவர்களின் அறவுணர்வைக் குறைத்துச் சொல்வது முறையன்று. இரயில் இல்லாத நாளில், இராமேசுவரத்துக்கும் காசிக்கும் நடந்தவர்களை உயிரோடு வைத்திருந்தவை அவை. ஆயினும் பல சத்திரங்களில் சோறு சில சாதியார்க்கே. மற்றவர்க்குத் திண்ணை மட்டும். இன்னும் சிலர்க்குத் திண்ணையும் இல்லை. இளமையில் காசிக்குச் சென்ற ஈ.வெ.ராமசாமி, அன்னசத்திரம் ஒன்றில் பிராமணர் அல்லாதார் என்று உணவு மறுக்கப்பட்டதை அவர் வரலாற்றை எழுதியவர்கள் குறித்திருக்கிறார்கள்.

இதனால்தான் நம் முன்னோர் கட்டுச்சோறு இல்லாமல் வீட்டைவிட்டுப் புறப்படுவதில்லை. புளிச்சோறும், தயிர்ச்சோறும், எள்ளுப்பொடியும் வாழையிலையில் பொதிந்து மூட்டையாகும். கட்டுச்சோற்றின் சுவையை நான் அறிவேன்; இரண்டாம் நாள் புளிச்சோற்றுக்கு ஈடு வேறில்லை. ஆனால் அது சுவைக்காக மட்டும் கட்டப்பட்டதன்று. சிக்கனத்துக்காக மட்டும் கட்டப்பட்டதும் அன்று. பிறர் கைச்சோற்றைத் தொடலாகாது என்பவர் ஆசாரத்துக்காகக் கட்டினார்; பிறர் சோறு இடமாட்டார் என்பதை அறிந்தவர் பசிக்காகக் கட்டினார். இரண்டு மூட்டைகளும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருந்தன.

இனி நம் சாலைக்கே வருவோம். விடுமுறை நாளில் இன்பமாக ஊர் சுற்றிப் பார்ப்பது என்னும் வழக்கத்தை இப்பகுதியில் முதலில் எழுத்தில் பதித்து வைத்தவர்கள் டச்சுக்காரர்கள். மாமல்லபுரத்துக்குத் தெற்கே சதுரங்கப்பட்டினத்தில் 17ஆம் நூற்றாண்டில் அவர்களுக்குப் பண்டகசாலை இருந்தது. அங்கிருந்து திருக்கழுக்குன்றத்துக்கு வந்தவர்கள், மலைமேலுள்ள பல்லவர் காலத்துக் குடைவரையில் தம் பெயர்களை வெட்டிவைத்துச் சென்றிருக்கிறார்கள். பார்த்த இடத்தில் பெயரைச் செதுக்கும் வழக்கத்தை நான் போற்றவில்லை. ஆனால் அதனால் நமக்கு ஒரு சான்று கிடைத்தது. அந்த மலையில் அவர்கள் காண விரும்பியது ஒரு விருந்தாக இருத்தல் கூடும். நண்பகலில் இரண்டு கழுகுகள் வந்து பூசகர் கையிலிருந்து சர்க்கரைப் பொங்கல் உண்டு செல்லும் காட்சி நெடுங்காலம் அங்கே நடந்து வந்தது. 20ஆம் நூற்றாண்டு முடியும் தறுவாயில் அப்பறவைகளின் வருகை நின்றுவிட்டது. நாடெங்கும் பிணந்தின்னிக் கழுகினம் அருகிப்போனதை அறிந்தோர்க்கு இது வியப்பாக இராது, வருத்தமாகவே இருக்கும்.

ஆங்கிலேயர் காலத்தில் சென்னையிலிருந்து மாமல்லபுரத்தைக் காண வந்தவர்கள் பெரும்பாலும் கால்வாய்ப் படகில் வந்தார்கள். மாலையில் ஏறிப் படுத்தால் விடியலில் ஊர் வந்துவிடும். உணவும் சமையற்காரனும் படகிலேயே உடன் வருவார்கள். அதிகாரிகளுக்கு முசாபரி பங்களாக்கள் இருந்தன. அந்தப் பயணிகள் இவ்வூரில் கல்லைக் கண்டார்கள். இவ்வூர்ச் சோற்றைக் கண்டிலர்.

அக்கால்வாயைப் பற்றி ஒரு சொல். திருக்கழுக்குன்றத்திலிருந்து மாமல்லபுரத்துக்குச் செல்லும்போது பக்கிங்காம் கால்வாயைக் கடந்தே ஊருக்குள் நுழைகிறோம். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும் பஞ்சத்தில் செங்கற்பட்டு மாவட்டமும் துன்புற்றது. அப்போது சென்னை நகருக்குள் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் ஏறத்தாழ 8 கிலோமீட்டர்ப் பகுதியைப் பஞ்ச நிவாரண வேலையாகப் பசித்த மக்கள் வெட்டினார்கள். அதனால் வடக்குக் கால்வாயும் தெற்குக் கால்வாயும் ஒன்றாயின. அக்கால ஆளுநரின் பெயர் அதற்கு இடப்பட்டது. இன்பப் பயணிகளின் கூடைகளைச் சுமந்து சென்ற படகுகள், ஒரு கவளச் சோற்றுக்காக வெட்டப்பட்ட நீர்வழியில் மிதந்து சென்றன என்பதை நாம் மறத்தலாகாது.

பிறகு இரயில் வந்தது. செங்கற்பட்டு, தென்னிந்திய இரயில்வேயின் முக்கியமான சந்திப்புகளுள் ஒன்றாயிற்று. காஞ்சிபுரம் வழியாக அரக்கோணத்துக்குச் செல்லும் கிளை இங்கேதான் பிரிகிறது. இரயில் வண்டி ஒரு விந்தையான ஆசிரியன். ஒரே பலகையில் எல்லாரையும் உட்காரவைத்தது. ஆயினும் வண்டி நின்றதும், இறங்கியவர்கள் மீண்டும் பிரிந்தார்கள். நிலையங்களின் உணவு விடுதிகளில் பிராமணர்க்கு ஓர் இடம், மற்றவர்க்கு ஓர் இடம். ஊர்களில் தோன்றிய காப்பிக் கிளப்புகளிலும் இவ்வாறே. புலால் உணவு விற்கும் கடைகள் மிலிட்டரி ஓட்டல் என்னும் பெயரில் தனியே நடந்தன. தாழ்த்தப்பட்ட மக்களுக்குப் பல இடங்களில் கடையின் வாசலும் இல்லை, கொல்லைப்புறமே வாசல்.

என் தந்தையார் தம் இளமையில் ஒரு பெரிய இரயில் நிலையத்தின் உணவு விடுதியில் உண்டதை எங்களுக்குச் சொல்லுவார். நடுவே ஒரு மரத்தடுப்பு. அப்பால் இருந்தவர்களுக்கும் இப்பால் இருந்தவர்களுக்கும் ஒரே சமையலறை, ஒரே சோறு, ஒரே சாம்பார். “ஒரே பானையில் வெந்த சோறு கதவைத் தாண்டியதும் இரண்டு சாதி ஆகிவிட்டதடா!” என்று சொல்லி அவர் சிரிப்பார். நாங்களும் சிரிப்போம். வளர்ந்த பின்புதான் அச்சிரிப்புக்குள் இருந்த புண் எனக்குத் தெரிந்தது. பணம் கொடுத்து உண்டவர் அவர். பணத்தைப் பெற்றுக்கொண்ட கையில் தடுப்பு ஏதும் இல்லை.

இந்தத் தடுப்பு தானாக விழவில்லை. அதை எடுக்க உழைத்தவர்கள் இருந்தார்கள். அவர்களுள் ஒருவர் இச்செங்கற்பட்டுச் சீமையில் கோழியாளம் என்னும் சிற்றூரில் பிறந்தவர், இரட்டைமலை சீனிவாசன். பிற்காலத்தில் அண்ணல் அம்பேத்கருடன் இலண்டன் வட்டமேசை மாநாட்டுக்குச் சென்றவர். பொதுச் சாலைகளும், கிணறுகளும், குளங்களும் தாழ்த்தப்பட்ட மக்களுக்கும் உரியவை என்று 1924ஆம் ஆண்டில் சென்னைச் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்து நிறைவேற்றினார். வழியில் நடக்கவும் வழியில் தண்ணீர் குடிக்கவும் உரிமை இல்லாதவனுக்கு வழிச்சோறு எங்கிருந்து கிடைக்கும்? ஆகவே இவ்வரலாற்றில் முதல் படி அதுவே என்று நான் கருதுகிறேன்.

அதே காலத்தில் திருநெல்வேலிச் சீமையில், வ.வே.சு. ஐயர் நடத்திய சேரன்மாதேவி குருகுலத்தில் மாணவர் சிலர்க்குத் தனியே உணவு அளிக்கப்பட்டது குறித்துப் பெரும் கிளர்ச்சி எழுந்தது. பிள்ளைகள் எந்த வரிசையில் உட்கார்ந்து உண்பது என்பது அன்று நாட்டு அரசியலையே கலக்கியது. 1929இல் செங்கற்பட்டில் சுயமரியாதை இயக்கத்தின் முதல் மாகாண மாநாடு கூடியது. சாதிப் பட்டங்களைத் துறப்பதென்று அங்கே தீர்மானித்தார்கள். 1941இல், நீண்ட கிளர்ச்சியின் பின், இரயில் நிலைய உணவு விடுதிகளில் இருந்த பிரிவினை நீக்கப்பட்டது. என் தந்தையார் கண்ட மரத்தடுப்பும் அவ்வாண்டோடு மறைந்திருக்க வேண்டும்.

1950ஆம் ஆண்டு சனவரி 26ஆம் நாள் நடைமுறைக்கு வந்த நம் அரசியலமைப்பின் 15ஆம் பிரிவை நேயர்கள் ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும். சமயம், இனம், சாதி, பால், பிறந்த இடம் ஆகியவற்றைக் காரணமாகக் காட்டி, கடைகளிலோ பொது உணவு விடுதிகளிலோ ஓட்டல்களிலோ எந்தக் குடிமகனையும் தடுத்தல் கூடாது என்று அது கூறுகிறது. நாட்டின் அடிப்படைச் சட்டத்தில் ஓட்டலைப் பற்றிய பேச்சு எதற்கு என்று வெளிநாட்டார் வியக்கலாம். நம் நாட்டில் பயணம் செய்தவர்கள் வியக்கமாட்டார்கள். 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 1955இல் அதைக் குற்றமாக்கும் தனிச் சட்டம் வந்தது. சட்டம் வந்த பின்னும் சிற்றூர்த் தேநீர்க் கடைகள் பலவற்றில் இரட்டைக் குவளை முறை நெடுநாள் நீடித்தது என்பதையும் சொல்லித்தான் ஆகவேண்டும். சட்டம் தடுப்பை எடுக்கும். குவளையை ஒன்றாக்குவது மனமே.

இவ்வளவையும் நினைவில் வைத்துக்கொண்டு இன்றைய மாமல்லபுரத்துக்குச் சென்றால், அங்கே கிடைக்கும் உணவின் சுவை சற்றுக் கூடுகிறது. சில ஆண்டுகளுக்கு முன் என் மனைவி, மகள், பேரப்பிள்ளைகள் ஆகியோருடன் அங்கே ஒரு நாளைக் கழித்தேன். வழியில் திருக்கழுக்குன்றத்தில் இறங்கி நுங்கு வாங்கினோம். சீவித் தந்த முதியவர் பெருவிரலால் எடுத்து உண்ணும் முறையைப் பிள்ளைகளுக்குக் கற்பித்தார். மாமல்லபுரத்தில் கடற்கரைக் கோயிலை அடுத்தே மீனவர் குப்பம் இருக்கிறது. காலையில் கரையேறும் படகிலிருந்து வஞ்சிரமும் சங்கராவும் நெத்திலியும் இறாலும் நண்டும் வந்து இறங்குகின்றன. நண்பகலில் அவை அடுத்த தெருவின் இலைகளில் இருக்கின்றன. கடலுக்கும் இலைக்கும் இடையே இவ்வளவு குறைந்த தொலைவு உள்ள ஊர்கள் பல இல்லை.

ஒரு சிறிய சோற்றுக் கடையில் அமர்ந்தோம். சமைத்தவர் குப்பத்தைச் சேர்ந்த ஓர் அம்மையார். புளியைக் கரைத்து, மிளகாயும் மல்லியும் அரைத்துச் சேர்த்து, மாங்காய் துண்டமிட்ட மீன் குழம்பு. எங்கள் எதிரில் வடநாட்டுக் குடும்பம் ஒன்று. பக்கத்தில் மேல்மருவத்தூர் சென்று திரும்பிய செவ்வாடைப் பெண்கள் சிலர். கோடியில் கல் சிற்பம் பயிலும் இளைஞர் இருவர். மீன் உண்ணாதவர்களுக்குச் சாம்பாரும் ரசமும் அதே அம்மையார் ஊற்றினார். என் பேரனின் இலையில் முள்ளை எடுத்துக் கொடுத்துவிட்டு, “இந்தப் பக்கத்துச் சதையைத் தின்னு கண்ணு, அதுல முள்ளு இருக்காது” என்றார். இளந்திரையன் பாணனின் பிள்ளைகளை நோக்கி நின்றதாகச் சொல்கிறார்களே, அந்நோக்கு எவ்வாறு இருந்திருக்கும் என்பதை நான் அங்கே அறிந்தேன்.

2019ஆம் ஆண்டு அக்டோபர் 11ஆம் நாள் இந்தியப் பிரதமரும் சீன நாட்டு அதிபரும் மாமல்லபுரத்தில் சந்தித்தபோது, கடற்கரைக் கோயிலின் அருகே அளித்த விருந்தில் அரைத்துவிட்ட சாம்பாரும் தக்காளி ரசமும் கவுனி அரிசி அல்வாவும் இடம்பெற்றதாகச் செய்தித்தாள்கள் எழுதின. நம் வீட்டு உணவு அரச விருந்தாவது பெருமையே. ஆனால் அரசர்க்கு உணவு எக்காலத்திலும் தடைப்பட்டதில்லை. சாமானியர் ஒருவர் தம் குடும்பத்தோடு வெளியூர் சென்று, கையில் உள்ள சிறு பணத்தைக் கொடுத்து, தலைநிமிர்ந்து உட்கார்ந்து உண்டு வருகிறார் என்பதையே நான் பெரிதாக எண்ணுகிறேன்.

ஒன்றை மட்டும் கூறி முடிக்கிறேன். நமக்குச் சோறிடும் அக்கடற்கரை மக்களின் வாழ்வு எளிதன்று. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை அக்கரையையும் தாக்கியது. அதிலிருந்து மீண்டு எழுந்தவர்கள் அவர்கள். நேயர்கள் அடுத்த முறை அங்கே செல்லும்போது, பெரிய விடுதிகளோடு நின்றுவிடாமல், குப்பத்துக் கடை ஒன்றிலும் அமர்ந்து உண்ண வேண்டும். இன்று என்ன மீன் வந்தது என்று கேளுங்கள், அதையே வாங்குங்கள், கேட்ட விலையைக் கூசாமல் கொடுங்கள். பிள்ளைகளையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். அவர்கள் யாரிடமும் சாதி கேளாமல் உண்டு வளரட்டும். பாணன் நடந்த வழியில் ஒருகாலத்தில் இருந்து, பின் நெடுங்காலம் அடைபட்டுக் கிடந்து, பலருடைய உழைப்பால் மீண்டும் திறந்த கதவு அது. அது இனி அடைபடாமல் காப்பது நம் கடமை.